மரபுக்கு வெளியே மணவாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலிருந்து லெனேசியா வரை பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் இம்முறை ஒரே பொருள்தான் மேலோங்கி நின்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ விரும்புகிறார்கள். ஆனால் 'அவர் சம்பாதிப்பார், அவள் வீட்டைப் பார்ப்பாள்' என்ற பழைய ஏற்பாடு வேண்டாம் என்கிறார்கள். சிலருக்குத் தாலி வேண்டாம், சிலருக்குத் திருமணமே வேண்டாம். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தருகிறோம். சட்டம் பற்றிய பதில்கள் தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும்.

என்னை ஒருவர் இன்னொருவருக்குத் தானமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கன்னிகாதானம், தாலி இரண்டும் வேண்டாம். அவருக்கும் இதே எண்ணம். 'சிவில் யூனியன்' என்ற சட்டப் பதிவு ஒருபால் இணையருக்கு மட்டும்தான் என்கிறார்கள். எங்களுக்கு என்ன வழி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

சிவில் யூனியன் உங்களுக்கும் உண்டு. ஒருபால் இணையருக்கு மண உரிமையை மறுப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2005 டிசம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்ததுதான் 2006ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம். ஆனால் 18 வயது நிறைந்த எந்த இருவரும், ஆணும் பெண்ணும் உட்பட, அதன்கீழ் பதிந்துகொள்ளலாம். உங்கள் உறவைத் திருமணம் என்று குறிப்பதா, சிவில் பார்ட்னர்ஷிப் என்று குறிப்பதா என்று அலுவலர் கேட்பார். நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதைச் சொன்னாலும் சட்ட விளைவு 1961 திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கு உள்ளதேதான். இங்கிலாந்தில் ஆண்–பெண் இணையருக்கு இந்த வாய்ப்பு 2019 டிசம்பர் 31இல்தான் கிடைத்தது; இங்கே 2006 நவம்பர் 30 முதலே இருக்கிறது.

சடங்கே வேண்டாம் என்கிறீர்களா, இந்தச் சடங்கு மட்டும் வேண்டாம் என்கிறீர்களா என்பதை இருவரும் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் தமிழர்களிடமே ஆயத்தமான வழி இருக்கிறது. பெரியாரின் இயக்கம் 1920களின் பிற்பகுதியில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் இல்லை, தானம் கொடுப்பதும் இல்லை. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குத் தெரிந்த மொழியில் உறுதி சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. டர்பனில் அந்த வடிவத்தை விழாவாகக் கொண்டாடலாம். சட்ட ஏற்பு மட்டும் அதனால் வராது. பதிவைத் தனியாகச் செய்ய வேண்டும்.

நம் குடும்பங்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். கோயிலில் மணம் நடந்தாலே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நடத்தி வைக்கும் குருக்கள் அரசு நியமித்த திருமண அலுவலராக இருந்து, பதிவேட்டில் கையெழுத்தும் ஆனால் மட்டுமே அது சட்டப்படியான மணம். இல்லாவிட்டால், உறவு முறியும்போது விவாகரத்துச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. 2007இல் டர்பன் உயர் நீதிமன்றம் அப்படியொரு கோரிக்கையை ஏற்க மறுத்தது. மறு ஆண்டு அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்குப் பங்கு உண்டு என்று சொன்னது. இறப்பில் கிடைக்கும் பாதுகாப்பு பிரிவில் கிடைப்பதில்லை.

வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, அடையாள அட்டையுடன் இரண்டு சாட்சிகள், முன்பு மணமுறிவு ஆகியிருந்தால் அதன் இறுதி ஆணை, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். கடற்கரையில் விழா என்றால் கையெழுத்தை வீட்டிலோ அலுவலகத்திலோ தனியாக வைத்துக்கொள்வது நல்லது. எங்கே நடத்தலாம், கதவு திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அலுவலரிடம் முன்பே கேளுங்கள். சில வாரம் கழித்து, எம் என்ற ஆங்கில எழுத்தையும் அடையாள எண்ணையும் 32551க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

வெறும் கையெழுத்துக் கல்யாணமா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், அந்தக் கையெழுத்துக்காகச் சிறை சென்றவர்கள் நம் பெண்கள் என்று சொல்லுங்கள். 1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் தந்த தீர்ப்பால், இந்து, இஸ்லாமிய முறைப்படி நடந்த திருமணங்கள் இந்நாட்டில் செல்லாதவை ஆயின. அதன் பிறகுதான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருதார மணங்களைப் பதிந்துகொள்ள வழி திறந்தது.

பாதிப் பாதி என்று பேசித்தான் மணந்தோம். அவர் எதையும் மறுப்பதில்லை, சொன்னால் செய்வார். ஆனாலும் நான்தான் களைத்துப் போகிறேன். புரட்டாசி வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கே பிசகு?
– வாசகி, ஃபீனிக்ஸ்

சொன்னால் செய்வார் என்கிறீர்களே, பிசகு அங்கேதான் இருக்கிறது. எந்த வீட்டு வேலையிலும் மூன்று பகுதி உண்டு: கவனிப்பது, திட்டமிடுவது, செய்வது. அரிசி தீரப்போகிறது என்று பார்ப்பது முதல் பகுதி. எந்தக் கடையில், எத்தனை கிலோ, எப்போது என்று முடிவு செய்வது இரண்டாவது. தூக்கி வருவது மூன்றாவது. நீங்கள் பகிர்ந்திருப்பது மூன்றாவதை மட்டும். முதல் இரண்டும் உங்கள் தலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலையாகவே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். போன மாதம் தான் செய்த எல்லாவற்றையும் இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். பால் வாங்கியது, மாமியாரின் மாத்திரைச் சீட்டு, நகராட்சிக் கட்டணம், பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைவு வைத்தது வரை. பிறகு இரண்டையும் சேர்த்து மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்தே ஆக வேண்டியவை: சமையல், பாத்திரம், பிள்ளையின் மதிய உணவு. அடுத்தது, வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியவை: துணி, புல் வெட்டுவது, கார். மூன்றாவது, எப்போதாவது வருபவை: காப்பீடு, பழுதுபார்ப்பு.

எண்ணிக்கையில் பாதியாகப் பிரிக்கக் கூடாது. பல வீடுகளில் ஆணிடம் இருப்பவை இரண்டாம், மூன்றாம் வகை. பெண்ணிடம் இருப்பவை முதல் வகை. இருவரிடமும் இருபது இருபது வேலை இருந்தாலும், புல்லை அடுத்த வாரம் வெட்டலாம், இரவுச் சாப்பாட்டை அடுத்த வாரம் சமைக்க முடியாது. ஆளைக் கட்டிப்போடுவது முதல் வகைதான். அதை முதலில் பிரியுங்கள், மற்றவை பிறகு.

ஒரு வேலையை எடுத்தவர் மூன்று பகுதியையும் சேர்த்தே எடுக்க வேண்டும், குறைந்தது நான்கு வாரத்துக்கு. எந்த அளவு செய்தால் போதும் என்பதை ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்: 'படுக்கப் போகுமுன் பாத்திரம் கழுவி அடுப்பு துடைத்திருக்க வேண்டும்.' அதற்கு மேல் குறை சொல்லவும் கூடாது, மீண்டும் எடுத்துச் செய்யவும் கூடாது. பெரும்பாலும் ஏற்பாடு உடைவது இந்த இடத்தில்தான்: அவர் செய்ததை நீங்கள் திரும்பச் செய்கிறீர்கள், அவர் மெல்ல விலகிவிடுகிறார். இன்னொன்று, 'மஞ்சள் தூள் எங்கே?' என்ற கேள்வி. ஒரு மாலை அலமாரி முழுவதையும் சேர்ந்து திறந்து பாருங்கள், டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுங்கள். அதன் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். நினைவூட்டலை அவரவர் போனில் அவரவரே வைக்கட்டும். நான்கு வாரம் முடிந்ததும் உட்கார்ந்து இரண்டு மூன்று வேலைகளையாவது மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கு ஒன்று தெரியாமலே போய்விடும்.

புரட்டாசிக்குத் தனித் தாள் போடுங்கள். தனிப் பாத்திரங்களை இறக்கித் தேய்ப்பது, மாதம் முழுதும் சைவச் சமையல், சனிக்கிழமைப் பெருமாள் படையல், வருகிறவர்களுக்கு இலை எண்ணுவது என்று பார்த்தால், பக்தி வீட்டுக்குப் பொது, வேலை மட்டும் பெண்களுக்கு என்பது கண்ணில் படும். ஆடிக் கூழும் காவடியும் அப்படித்தான். காவடிக்கு விரதம் இருப்பவர் விரதச் சமையலைத் தானே செய்யட்டும். அது நேர்த்தியின் பகுதியாகவே இருக்கட்டும்.

மாமியார் வந்து மகன் கையிலிருந்து தேய்ப்பானைப் பிடுங்கினால் நீங்கள் பேசாதீர்கள், அவர் பேச வேண்டும். 'இது என் வேலைம்மா, நீங்க உக்காருங்க' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தேய்க்க வேண்டும். மருமகள் சொன்னால் அது வாக்குவாதமாகிவிடும்.

வேலைக்கு ஆள் வைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். வைக்கலாம். ஆனால் உங்கள் இருவரின் சமத்துவத்துக்கு மூன்றாவது ஒரு பெண் குறைந்த கூலியில் விலை கொடுக்கக் கூடாது. 2025 மார்ச் 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், அதற்குப் பின் வந்த உயர்வையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டே மணி நேரத்தில் வேலை முடிந்தாலும் நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும். மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வந்தால் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் பதிந்து, அவர் கூலியில் 1 சதவீதமும் உங்கள் கையிலிருந்து 1 சதவீதமும் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டு நிதியும் அவருக்கு உண்டு. வீட்டு வேலையாட்களை அதிலிருந்து விலக்கி வைத்தது செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்த்துவிட்டது. அவருக்குக் கூலி கொடுப்பதும் விடுப்புக் கணக்குப் பார்ப்பதும்கூட ஒரு வேலைதான். அது யாருடையது என்று தாளில் எழுதுங்கள்.

ஏழு ஆண்டாகச் சேர்ந்து வாழ்கிறோம். திருமணத்தில் இருவருக்கும் நம்பிக்கை இல்லை. இத்தனை ஆண்டு ஆனதால் சட்டப்படி கணவன் மனைவி போலத்தான் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகர், வெருலம்

சரியில்லை. இந்நாட்டில் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் அது தானாகத் திருமணமாகாது. ஏழு ஆண்டு என்ற கணக்கு நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

மாறியிருப்பது இறப்புக்குப் பின் உள்ள நிலை. 2021 டிசம்பர் 31 அன்று அரசமைப்பு நீதிமன்றம், ஒருவரையொருவர் ஆதரிக்கும் கடமையை ஏற்று நிலையாக வாழ்ந்த ஆண்–பெண் துணைவருக்கு, உயில் இல்லாதபோது வாரிசுரிமையும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பராமரிப்பும் உண்டு என்றது. 2005இல் அதே நீதிமன்றம் மணமாகாத துணைக்குப் பராமரிப்பு இல்லை என்று சொல்லியிருந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உறவு எப்படிப்பட்டது என்று உயிரோடிருப்பவர் மெய்ப்பிக்க வேண்டும், அதுவும் துக்கத்தில், சில நேரம் இறந்தவரின் உடன்பிறந்தவர்களே எதிர்த்து நிற்கும்போது. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டில் துணையாகச் சேர்த்த தாள், கூட்டுக் கணக்கு, இரு குடும்ப விழாக்களிலும் சேர்ந்து எடுத்த படங்கள்: எல்லாம் உதவும்.

உயிரோடு பிரிந்தால் நிலைமை கடினம். விவாகரத்துச் சட்டம் உங்களுக்கு இல்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மற்றவர், இருவரும் பொது நலனுக்காக உழைப்பையும் பணத்தையும் சேர்த்தோம், அது சொல்லாமலே அமைந்த ஒரு கூட்டு என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். 2012இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏறத்தாழ இருபது ஆண்டு வீட்டைக் கவனித்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் 30 சதவீதம் கொடுத்த தீர்ப்பை உறுதி செய்தது. அதற்கு அவர் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே எழுதி வையுங்கள். திருமணம் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் தாள் அதிகம் தேவை. முதலில் சேர்ந்து வாழும் ஒப்பந்தம்: வீட்டுக் கடனுக்கு யார் எவ்வளவு கட்டுகிறார், பிரிந்தால் அதை எப்படிக் கணக்கிடுவது, யார் வெளியேறுவது, எத்தனை நாளில், நாற்காலி மேசை முதல் நாய் வரை யாருக்கு. அடுத்து உயில், ஆளுக்கொன்று. கடைசிப் பக்கத்தின் முடிவில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், அவர்களும் இட வேண்டும்; மற்ற ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும். சாட்சிக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சொத்துப் பெறப்போகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு எழுதியது கைவிட்டுப் போகக்கூடும். வீட்டில் கையால் எழுதும் உயில்கள் பெரும்பாலும் கெடுவது இதில்தான். ஆண்டுதோறும் செப்டம்பரில் உயில் வாரம் நடக்கிறது. கலந்துகொள்ளும் வழக்கறிஞர்கள் அடிப்படை உயிலை இலவசமாக எழுதித் தருகிறார்கள்.

ஓய்வூதிய நிதி உயிலுக்குக் கட்டுப்படாது. உங்களைச் சார்ந்திருந்தவர் யார் என்று பார்த்து நிதியின் அறங்காவலர்களே பிரிப்பார்கள்; நீங்கள் கொடுத்த நியமனப் படிவம் அவர்களுக்கு ஒரு வழிகாட்டிதான். ஆனால் அதில் இன்னும் அம்மா பெயர் மட்டும் இருந்தால், துணை இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இந்த வாரமே மாற்றுங்கள்.

நான் மருத்துவர். அவர் ஆசிரியர். குழந்தை பிறந்தால் வேலையை விட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தயார் என்கிறார், மனதாரச் சொல்கிறார். 'வீட்டோட மாப்பிள்ளை' என்று உறவினர் பேச்சு. சொத்து ஒப்பந்தம் செய்வதானால் எது சரி?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஒன்றும் செய்யாமல் மணந்தால் எல்லாம் பொதுச் சொத்து, எல்லாம் பொதுக் கடன். உங்கள் கிளினிக் கடனில் சிக்கினால் அவர் பங்கும் சேர்ந்தே போகும். முற்றிலும் தனித்தனிச் சொத்து என்று எழுதினாலோ, பத்து ஆண்டு பிள்ளை வளர்த்தவர் வெறுங்கையுடன் நிற்பார். உங்களுக்கு நாங்கள் சொல்வது நடுவழி: தனிச் சொத்து, வளர்ச்சியில் பங்கு. அக்ரூவல் என்கிறார்கள். 1984 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த மணச் சொத்துச் சட்டம் தந்த ஏற்பாடு இது.

கணக்கு இப்படி. மணக்கும்போது உங்களிடம் 2 லட்சம் ராண்ட், அவரிடம் 50,000. மணம் முடிவுக்கு வரும்போது, பிரிவிலோ இறப்பிலோ, உங்களிடம் 20 லட்சம், அவரிடம் 4.5 லட்சம் என்று வையுங்கள். விலைவாசி ஏற்றத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உங்கள் வளர்ச்சி 18 லட்சம், அவருடையது 4 லட்சம். வேறுபாடு 14 லட்சம். அதில் பாதியான 7 லட்சத்தை நீங்கள் அவருக்குத் தர வேண்டும். மணவாழ்வின்போது கடன்கள் தனித்தனி. பரம்பரையாக வந்தது இந்தக் கணக்கில் சேராது.

ஒப்பந்தம் திருமணத்துக்கு முன்பே நோட்டரி முன் கையெழுத்தாக வேண்டும். கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் ஏற வேண்டும். மணநாளன்று நோட்டரியின் கடிதத்தை அலுவலரிடம் காட்டுங்கள். தேனிலவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு மாற்ற இருவரும் உயர் நீதிமன்றம் போக வேண்டும், கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிக்க வேண்டும், செலவு பல மடங்கு. வளர்ச்சிப் பங்கு இல்லாமல் ஏற்கெனவே மணந்தவர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது: மணமுறிவின்போது, மற்றவரின் சொத்து வளர உழைத்த துணைக்கு நீதிமன்றம் பங்கு ஒதுக்கலாம் என்று 2023 அக்டோபர் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அது நீதிபதி எடைபோட்டுத் தருவது. ஒப்பந்தத்தில் இருப்பது உரிமை.

மாதாந்தர ஏற்பாடு இதைவிட முக்கியம். வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு, ஆளுக்கொரு தனிக் கணக்கு. சம்பள நாளன்றே அவர் தனிக் கணக்குக்கு ஒரு தொகை தானாகப் போகட்டும். வீட்டிலிருப்பவர் கேட்டு வாங்கும் நிலை வந்தால், பழைய ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டதுதான் மிச்சம். கணவன் மனைவிக்கிடையே கொடை வரி இல்லை. அவர் பெயரில் ஓய்வூதியச் சேமிப்பையும் நிறுத்தாமல் கட்டுங்கள். ஆசிரியர் மன்றப் பதிவை அவர் கைவிடக் கூடாது. திரும்பிப் போகும் கதவு அதுதான். எத்தனை ஆண்டு கழித்து இந்த ஏற்பாட்டை மறுபடி பேசுவது என்று இப்போதே நாள் குறியுங்கள்.

வேலையை விடுமுன் விடுப்பைப் பயன்படுத்துங்கள். அரசமைப்பு நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் 3 தீர்ப்பின்படி, இருவரும் வேலையில் இருந்தால் குழந்தைக்காக மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும் விடுப்பு. அதைப் பெற்றோர் தமக்குள் பிரித்துக்கொள்ளலாம். அதற்கு முன் அப்பாவுக்குக் கிடைத்தது பத்து நாள் மட்டும்.

உறவினர் பேச்சுக்கு: 'இப்போ என்ன பண்றீங்க?' என்று அவரிடம் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லாதீர்கள். 'பிள்ளையைப் பாத்துக்கறேன்' என்று அவரே சொல்லட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகம் சம்பாதிக்கும் மனைவி, கணவனின் மதிப்பைக் காப்பதாக எண்ணி வீட்டு வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது பற்றிக் குடும்ப ஆய்வாளர்கள் நீண்ட காலமாக விவாதித்து வருகிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. உங்கள் வீட்டில் நடந்தால் அடையாளம் தெரியட்டும் என்றுதான் சொல்கிறோம்.

நான் மணக்கவிருப்பவள் சூலுப் பெண். இருவரும் சமம் என்பதில் உறுதியாக இருக்கிறோம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தரும் லோபோலாவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறாள். பெண்ணுக்கு விலை வைப்பது போல் எனக்கு உறுத்துகிறது.
– வாசகர், டர்பன்

உறுத்தலை அவளிடமே சொல்லுங்கள், ஆனால் அந்தச் சடங்கின் பொருளை அவள் வாயிலாகக் கேளுங்கள். லோபோலாவை விலை என்று பார்க்காத பெண்கள் ஏராளம்; இரு குடும்பமும் ஒன்றையொன்று முறைப்படி ஏற்பது என்றே சொல்வார்கள். சூலு வழக்கில் பத்து மாடும், பெற்ற தாய்க்கென்று தனியாக ஒன்றும் பேசப்படும்; இன்று பெரும்பாலும் பணமாகவே தருகிறார்கள். பேச்சுக்கு நீங்கள் போகக் கூடாது, உங்கள் சார்பில் பெரியவர்கள் போவார்கள். வழக்கம் தெரிந்த ஒருவரைச் சேர்த்து அனுப்புங்கள். ஒப்புக்கொண்டதை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடட்டும். பெண் வீட்டாரும் உமாபோ என்ற மணச் சடங்கில் உங்கள் வீட்டாருக்குப் போர்வையும் பாயும் கொண்டுவந்து தருவார்கள். நம் வீட்டுச் சீர்வரிசையை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டு லோபோலாவை மட்டும் இழிவாகப் பார்ப்பது நியாயமில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, எது வேண்டும், எது வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்யுங்கள்.

சட்டத்தில் ஓர் எச்சரிக்கை. ஆப்பிரிக்க மக்களின் வழக்காற்றுத் திருமணங்களை ஏற்கும் சட்டம் 2000 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் ஒப்படைக்கும் சடங்கு நடக்காமலே மணம் ஏற்பட்டுவிடலாம் என்று 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லோபோலாப் பேச்சும் கொண்டாட்டமும் முடிந்த அன்றே நீங்கள் மணமானவர்கள், அதுவும் பொதுச் சொத்தில், என்று பின்னால் ஒரு வழக்கு கிளம்பக்கூடும். ஆகவே முதலில் நோட்டரி முன் சொத்து ஒப்பந்தம், அதன் பிறகு லோபோலா, பிறகு பதிவு, பிறகு கோயில்.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம், இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்தையும் சூலு மக்கள் வாழும் உம்லாசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தும் மக்களைப் பிரித்தே வைத்தது. உங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் அந்தப் பிரிவுக்குள் வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கால அவகாசம் கொடுங்கள்.

மகளுக்கு 34 வயது. அவளுக்கு ஒருவர் இருக்கிறார், நல்ல பிள்ளைதான். ஆனால் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாமாம். கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் எப்படி வளர்த்தேன் என்றே தெரியவில்லை.
– ஒரு தாய், டோங்காட்

நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள், அம்மா. தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதை மறைக்காமல் உங்களிடமே சொல்கிற மகள் அவள். தனித்தனி வீட்டில் வாழும் இணையர் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெண்கள் இதைத் தேர்வதற்கு அடிக்கடி சொல்லும் காரணம், ஒரே கூரைக்குள் போனதும் வீட்டு வேலை தங்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதுதான். அவள் உங்கள் உழைப்பைப் பார்த்து வளர்ந்தவள். அதை உங்கள் மேல் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'ஏன்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பயனுள்ள மூன்றைக் கேளுங்கள். உயில் எழுதியிருக்கிறாயா? உடம்புக்கு ஏதாவது ஆனால் மருத்துவமனை யாரை அழைக்கும்? நினைவிழந்த நிலையில் உன் சார்பில் யார் முடிவு சொல்வார்? 2003 தேசிய சுகாதாரச் சட்டப்படி, எழுத்தில் யாரையும் நியமிக்காதபோது கணவனோ மனைவியோ துணையோதான் முதலில் வருகிறார். அவர் இல்லாவிட்டால் பெற்றோர், பிறகு தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தோர். தனி வீட்டில் இருப்பவரைத் துணை என்று மருத்துவமனை ஏற்குமா என்ற குழப்பம் நெருக்கடியில் வரக் கூடாது. யார் முடிவெடுக்க வேண்டும் என்று மகள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று கொடுக்கட்டும். அந்தப் பேச்சில் அவரும் உட்காரட்டும்.

கோயிலில் கேட்பவர்களுக்கு 'நல்லா இருக்கா' என்ற பதில் போதும். தீபாவளிக்கு அவரையும் கூப்பிடுங்கள். வந்தவரிடம் தேதி கேட்காதீர்கள்.

திருமணம் செய்யவில்லை, குழந்தை வரப்போகிறது. அப்பா பெயரில் பதிய முடியுமா?
– வாசகி, லெனேசியா

முடியும். 30 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்துக்குப் போய், அவர் தந்தை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மணமாகாத தந்தை தன் பெயரில் குழந்தையைப் பதிவதற்கு இருந்த தடையை அரசமைப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் நீக்கியது. உங்களோடு நிலையான துணையாக வாழ்ந்துவந்தால் தந்தைக்குரிய பொறுப்பும் உரிமையும் அவருக்குத் தானாகவே உண்டு. பிரிந்து வாழ்ந்தால், பெற்றோர் திட்டம் ஒன்றை எழுதிக் குடும்ப வழக்கறிஞர் அலுவலகத்தில் பதியுங்கள்.

என் கணவர் என் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள விரும்புகிறார். அனுமதி உண்டா?
– வாசகி, டர்பன்

சட்டத்தில் மனைவிக்கு மட்டும் இருந்த அந்த வசதியைக் கணவனுக்கு மறுப்பது பாலினப் பாகுபாடு என்று 2025 செப்டம்பர் 11 அன்று அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. விண்ணப்பிக்கும்போது மணச் சான்றிதழை உடன் கொண்டு போகச் சொல்லுங்கள். அடையாள அட்டை மாறியதும் வங்கி, வருமான வரி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். விமானச் சீட்டு எடுத்திருந்தால் பயணம் முடியும்வரை பாஸ்போர்ட்டில் கை வைக்காதீர்கள்.